ம் கொட்டிய மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில், தன் பெயர் எப்படி வந்தது என்று கேட்காமல் தங்கம் உருகாது. அதனால் தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் ஆசாரி உலையை ஊத, நான் எதிரே உட்கார்ந்து பெயர்க்கதை சொல்வேன்.

கொடியப்பன் வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு வயது. ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நல்ல நேரம் பத்தரை மணி வரைதான். அதற்குள் உருகாவிட்டால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். அது முறை.

உலை நெருப்பில் வைத்த மண் மூசைக்குள் தங்கம் கிடந்தது.

"போன இடத்தில் தங்கிவிடுவாய், அதனால் தங்கம்" என்றேன். சிவந்தது, உருகவில்லை.

"பொலிவாக இருக்கிறாய், அதனால் பொன்" என்றேன். ஓரம்கூட இளகவில்லை.

குமரேச ஆசாரி ஊதுகுழலை இறக்கினார். "இது எங்க உள்ள தங்கம்?"

"எங்க அத்தை தோடு" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா செண்பகவல்லி. "ராசியான தோடு. நாலு தடவ அழிச்சுச் செஞ்சது."

"கெடுத்தியே தாயி. அது எல்லாக் கதையும் கேட்டிருக்குமே!"

பெண்ணின் தாய்மாமன் மணி பார்த்தார். "என்ன ஓய், உம்ம சரக்கு இவ்வளவுதானா?"

மிச்சமிருந்த ஒரு கதையையும் சொன்னேன். தங்கம் கொட்டாவி விட்டது. தாய்மாமன் செருப்பைத் தேடினார். செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை கொடியப்பன் வந்து உலைக்கு முன்னால் குந்தினான்.

"எனக்கு ஒரு கதையும் தெரியாது. நீயே சொல்லேன், கேக்கேன்."

அதனிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. தங்கத்தின் நடுவில் ஒரு துளி மினுங்கியது.

"என்னை முதல்ல பாத்தவன் பேரெல்லாம் வைக்கல" என்று ஆரம்பித்தது. "வாயைத் திறந்தான். அவ்வளவுதான்."

"ம்" என்றான் கொடியப்பன்.

ஒவ்வொரு ம்முக்கும் கொஞ்சம் உருகியது. அவன் எச்சில் விழுங்க நிறுத்தினால் மேலே ஆடை கட்டியது. பத்து இருபத்தெட்டுக்கு மூசை தளும்பியது. தாய்மாமன் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து, "பொண்ணு குடுக்கோம்" என்றார்.

கதை முடியவில்லை. ஆசாரி வார்க்கும்போதும் அடிக்கும்போதும் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ம் கொட்டினான். மணவறையிலும் கொட்டினான். மூன்றாம் முடிச்சுப் போடும்போது அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெண் பிரமு தலையைக் குனிந்து கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தாள்.

"ம், பொறவு?" என்றாள்.

நாலு நாளாக ம் கொட்டிக்கொண்டிருந்த கொடியப்பன் அப்போதுதான் வாயை மூடினான். மேளம் கொட்டினார்கள்.

பதினோரு வருஷம் ஆகிறது. கதையில் இப்போதுதான் பொன் என்ற பெயர் வந்திருக்கிறது. தங்கம் என்ற பெயருக்கு இன்னும் நாளாகும் என்கிறாள் பிரமு. அவள் சாப்பிடும் நேரத்துக்கு அம்மிக்கல் ம் கொட்டுகிறது. குரல் கொஞ்சம் கனம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.