சைடு முடியட்டும்

“ஆறு நிமிஷம் மேடம். அதுக்கு மேல ஒரு செகண்டு கூட முடியாது,” என்றார் தகன மண்டபத்தின் மேலாளர், இரண்டாவது முறையாக.

“ஆறு நிமிஷத்துல பாட்டுல ஆர்கன் வாத்தியமே சூடாகாது சார்,” என்றார் மாமா.

அவள் கண்களை மூடித் திறந்தாள். அப்பா வெளியே வண்டியில் கிடக்கிறார். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி வாசலில் நின்று யாருக்கோ போனில் வழி சொல்கிறான். இங்கே கவுன்ட்டரில், அப்பாவின் ஆயுட்காலச் சிநேகிதர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தகனத்தின்போது போட வேண்டிய ஒரு பாட்டின் நீளத்துக்காக மல்லுக்கு நிற்கிறார். உறவுக்காரர் இல்லை. கூப்பிட்டுப் பழகி மாமா ஆனவர்.

“பாட்டு மொத்தம் எவ்வளவு நேரம் சார் ஓடும்?”

“இருபத்திரெண்டு நிமிஷம். ரெக்கார்டோட ஒரு சைடு முழுக்க ஒரே பாட்டு.”

மேலாளர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பெரியவர்கள் அடம் பிடிக்கும்போது, கூட வந்தவர்களை அவளும் அப்படித்தான் பார்ப்பாள்.

“ஆறாவது நிமிஷத்துல சவுண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாமே.”

“பாதி ரூட்ல பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் இறங்குங்கன்னு சொல்றதா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் செஞ்சதில்ல.”

“மாமா, எதையாவது ஒண்ணைப் போடட்டும். விடுங்க.”

“எதையாவதா? உங்கப்பனுக்கா? நீ சும்மா இரு பாப்பா.”

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவளுக்கே வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்துவிட்டது. இன்னும் பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுவார்கள். வெவ்வேறு குழுக்கள், ஒரே காலத்து ராக். ஆனால் எழுந்து ஆடுகிற ராக் இல்லை, உட்கார்ந்து கேட்கிற ராக். தாளம் ஏழுக்குப் போகும், திடீரென்று ஐந்துக்கு இறங்கும், பாடுகிறவன் எப்போது வாயைத் திறப்பான் என்று கடவுளுக்கே தெரியாது. பிளேயரின் முள் கீழே இருக்கும்வரை பேச்சு கிடையாது. இரண்டும் ஓடி முடித்த பிறகுதான் எது உசத்தி என்ற சண்டை. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தோற்று வெளியேறி, கடைசியில் இரண்டு ஆல்பங்கள் மிஞ்சின. ஒன்றின் அட்டையில் கடலுக்குள் நிற்கும் ஏணி. இன்னொன்றில் மணலில் குத்தி நிறுத்திய குடை. அப்பா ஏணிக் கட்சி. மாமா குடைக் கட்சி.

“குடையில என்னடா இருக்கு? ஏழு பாட்டை நூல்ல கோத்து வச்சிருக்கான். ஏணி ஒரே கட்டடம். அந்த ஆர்கன் மூணாவது தடவை வருதே, அதே மெட்டுதான். ஆனா கேக்கறவன் அதுக்குள்ள வேற ஆளாயிடறான்,” என்பார் அப்பா.

“கட்டடம் சரி, ஜன்னல் எங்க? எங்கயாவது ஒரு இடத்துல சிரிக்கிறானா உங்காளு? குடையில டிரம்ஸ்காரன் ஒரு தடவை அடிச்ச மாதிரி மறுதடவை அடிக்க மாட்டான். அவனுக்கே அடுத்தது என்னன்னு தெரியாது. அதான் உயிரு,” என்பார் மாமா.

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கடையில் அவள் செய்வதும் இதே வேலைதான். ஒரு வில்லையை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, “இது தெளிவா இருக்கா, அதுவா?” என்று கேட்க வேண்டும். ஆனால் அங்கே வருகிறவர்கள் எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தப் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் எத்தனையோ செய்திகளோடு ஓடியிருக்கிறாள். பரீட்சையில் தேறியது, வேலை கிடைத்தது, வயிற்றில் குழந்தை தங்கியது. ஒவ்வொரு தடவையும் அப்பாவின் வலது கை எழும். உள்ளங்கை அவளைப் பார்த்து நிற்கும். “சைடு முடியட்டும்.” முடியும்வரை அவள் ஒருநாளும் நின்றதில்லை. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் அம்மா மூலமாக அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

நேற்றுக் காலையில் ஏணியைப் போடச் சொன்னார். கட்டிலைப் பின்னறைக்கே மாற்றியிருந்தார்கள். அவள் தூசி துடைத்து, முள்ளை வைத்துவிட்டுத் திரும்பியபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றார்.

அவள் குனிந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்தி அவர் பக்கம் இருந்தது. அதற்குள் ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. போர்வைக்குள்ளிருந்து வலது கை மெல்ல எழுந்தது.

“சைடு முடியட்டும்.”

சரி, இந்தத் தடவை போகப்போவதில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களும் அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு சத்தம் மட்டும் ஓடுமே, அந்த இடத்தில்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை எப்போதோ கீழே விழுந்திருந்தது. அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் போய் முள்ளைத் தூக்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லிவிட்டுக் கேட்டால் என்ன குறைந்தா போயிருக்கும்? ஏணி எங்கேயும் ஓடிப்போகாது. அது அட்டைக்குள்ளேயே கிடக்கும். ஆள்தானே போய்விட்டார், சொல்ல வேண்டியதையும் எடுத்துக்கொண்டு.

“பால்கனித் தாழ்ப்பாளா இருக்கும்டி. ஒரு மாசமா அதையேதான் சொல்லிட்டிருந்தார்,” என்றாள் அம்மா.

“என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்ல வந்தாராக்கா?” என்றான் தம்பி. அவனை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

இன்று காலை வண்டியில் மாமா சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். “தீர்ப்பு பாப்பா. கடைசியில குடைதான்னு ஒத்துக்க வந்திருப்பான்.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவுன்ட்டரில் வாதம் முடியவில்லை, நேரம்தான் முடிந்தது. வாசலில் அடுத்த வண்டி வந்து நின்றதும் மேலாளர் உள்ளே போய்த் தன்னிடம் இருந்த எதையோ ஓடவிட்டார். இனிப்பான புல்லாங்குழல், பின்னால் டொக்கு டொக்கென்று மாறாத நாலு தாளம். ஹோட்டல் லிஃப்டுகளில் மாடிக்கு மாடி ஓடுமே, அந்த வகை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். சர்வீஸுக்குப் போகும் ஒவ்வொரு லிஃப்டிலும் கதவு, கேபிள், பிரேக் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் ஸ்பீக்கர் ஒயரை மட்டும் ஓசைப்படாமல் கழற்றி விட்டுவிட்டு வருவார். யாராவது கேட்டால், “ஸ்பேர் வரணும் சார்.” வேலையில் இருந்தவரை அந்த ஸ்பேர் வரவே இல்லை.

புல்லாங்குழல் குழைய, அப்பா படுத்திருந்த பலகை உள்ளே நகர்ந்தது. அம்மாவின் தோள்கள் குலுங்கின. அவள் பதறி அம்மாவின் தோளை அணைத்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிய, வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள். தம்பியும் தலையைக் குனிந்துகொண்டான். மாமா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றார். அவளுக்கு மட்டும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வந்தவர்கள் போய்விட்டார்கள். அம்மா படுத்துவிட்டாள். பின்னறையில் மெத்தையை எடுத்துவிட்ட கட்டில் மட்டும் கிடந்தது. மாமா ரெக்கார்ட் பிளேயரைக் குனிந்து பார்த்தார்.

“இது அப்படியே இருக்கே. எப்ப நிறுத்தினது?”

“நேத்து.”

“எந்த இடத்துல?”

“நடுவுல. எல்லாம் அடங்கிப் போகுமே, அங்க.”

“அப்ப சைடு முடியல.”

“ஆளே முடிஞ்சு போயாச்சு மாமா!” அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “காலையிலேர்ந்து உசிரை எடுக்கறீங்க. ஏணி, குடை, ஆறு நிமிஷம். போதும் மாமா. அவர் என்ன சொல்ல வந்தார்னு தெரியாம நான் செத்துட்டிருக்கேன்.”

மாமா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இனிமே நான் குடைன்னு சொன்னா, இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா?” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “போடும்மா. பாதியில நிக்க வேண்டாம்.”

அவள் முள்ளைத் தட்டின் நடுப்பக்கம் கொண்டுபோனாள்.

“முதல்லேர்ந்து போடு. நடுவுலேர்ந்து போடற பழக்கம் இந்த வீட்ல கிடையாது.”

எரிச்சலோடுதான் வைத்தாள். எரிச்சலோடுதான் கட்டிலின் வெறும் பலகையில் உட்கார்ந்தாள். ஆர்கன் வந்தது. ஜன்னல் கம்பியில் தூசி படிந்திருந்தது, மருந்துச் சீட்டு இன்னும் அலமாரியில் சொருகியிருந்தது. கிட்டார் வந்து ஆர்கனைத் தள்ளிவிட்டது, தாளம் கோணலாக ஓடியது. ஆர்கன் இரண்டாவது தடவை வந்தபோது கொஞ்சம் மெதுவாக வந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. நேற்றைய இடம். அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அது நிற்கவில்லை. எங்கோ தொலைவிலிருந்து டிரம்ஸ் கிளம்பி வந்தது. இதற்கு மேல் அவள் உட்கார்ந்து கேட்டதே இல்லை. இவ்வளவு வருடமும் கதவுக்கு வெளியே வெறும் இரைச்சலாகக் கேட்டது, இப்போது படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது.

“பாப்பா,” என்றார் மாமா தாழ்ந்த குரலில். முள் கீழே இருக்கும்போது அவர் பேசியது அதுதான் முதல் தடவை. “காலையில வண்டியில சும்மா சொன்னேன். அவன் உன்கிட்ட சொல்ல வந்தது என்னன்னு எனக்குத் தெரியும். போன வாரமே என்கிட்ட சொல்லிட்டான்.”

ஆர்கன் மூன்றாவது தடவை வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. வலது கை மட்டும் எழுந்து, உள்ளங்கை அவரைப் பார்த்து நின்றது.