ஒரு விரற்கடை

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எல்லாப் பக்கமும் பொருந்திய குகை ஓர் இடத்தில் மட்டும் பொருந்தவில்லை. முதல் வாரம் லேசர் கருவி எடுத்த படத்தில் இருந்ததைவிட, நேற்று எடுத்த படத்தில் கூரை அங்கே ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி கணக்கை ஓட்டினாள். மறுபடியும் அதே விரற்கடை.

கல்லூரி விடுமுறையில் இந்தக் கோடை ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததே பெரிய பாடு. எரிமலைக் குழம்பு ஓடி வடிந்தபின் மிஞ்சும் சுரங்கம் போன்ற குகைகள் நிலாவிலும் உண்டாம். அங்கே மனிதர்கள் போய்த் தங்கலாமா என்று தெரிந்துகொள்ள, அதே மாதிரியான குகை ஒன்றை இங்கே அளந்துகொண்டிருந்தார்கள். "எங்க பொண்ணு நிலாவுல வீடு பாத்துக்கிட்டு இருக்கா" என்று அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள். தண்ணீர் வசதி எப்படி என்று மாமா விசாரித்தாராம்.

பயிற்சியை நடத்திய பேராசிரியை எல்லாருக்கும் மேடம்தான். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒவ்வொரு மாணவரின் தலைக்கவச வாரையும் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அப்படிப்பட்டவர் காதுகொடுத்துக் கேட்பார் என்று நம்பித்தான், எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த மேசைக்கே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"கருவியோட முக்காலி சாஞ்சிருக்கும்மா. முதல் வாரம் நீங்கல்லாம் புதுசு, சரியா நிறுத்தியிருக்க மாட்டீங்க."

"சாஞ்சிருந்தா எல்லா இடமும் மாறியிருக்கணுமே மேடம். இது ஒண்ணுதான் மாறியிருக்கு."

மேடத்தின் விரல் திரையில் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "இன்னைக்கு எடுக்கிறதுதான் கடைசி அளவு. அது இல்லேன்னா இத்தனை வருஷ வேலை அந்தரத்துல நிக்கும். எடுத்துட்டு வந்து நிதானமா உக்காந்து பாப்போம், சரியா?" என்றார். குரலில் துளிக் கோபம் இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் உள்ள வரல மேடம்."

தட்டுகளில் கரண்டிச் சத்தம் நின்றது. அவளோடு சேர்ந்து வேலை செய்யும் பையன், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவன், "அவளுக்குப் பதிலா நான் போறேன்" என்றான். யாரோ சிரித்தார்கள். கூனிக்குறுகிப் போனாலும் அவள் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

குகை வாசலில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மேடம் அவளுக்குக் கொடுத்தார். அதிலிருந்து கிளம்பிய தடித்த ஒயர் சரளைக்கல் மேல் வளைந்து வளைந்து உள்ளே போய், விளக்குகளை எரியவிட்டு, கருவியையும் ஓட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறும்வரை வாக்கிடாக்கியில் வெறும் எண்கள்தான் கேட்டன. பிறகு நெட்டையின் குரல் தணிந்து வந்தது.

"ஏய், மாவு சலிக்கிற மாதிரி மேலேர்ந்து கொட்டுது."

"எங்க?"

"நீ சொன்ன இடத்துலதான்."

குறுக்கே மேடத்தின் குரல் விழுந்தது. "பரவாயில்ல. கருவி ஓடிக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நேரந்தான், யாரும் அசையாதீங்க."

இதுவரை எந்த வாத்தியாரிடமும் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், ஜெனரேட்டரை அணைத்தாள். "கரண்ட் நின்னுபோச்சு மேடம். எல்லாரும் வெளிய வந்துடுங்க." சொல்லும்போதும் கை சுவிட்சின் மேலேயே இருந்தது.

தலைவிளக்கு வெளிச்சத்தில் தடவித் தடவி ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக வந்த நெட்டையின் தோளெல்லாம் சாம்பல் நிறத் தூசி.

"மேடம் எங்க?"

"கருவியக் கழட்டி எடுத்துட்டு வரேன்னாங்க. எங்களப் போகச் சொல்லிட்டாங்க." அவன் பார்வை சுவிட்சுக்குப் போய்த் திரும்பியது.

அவள் வாக்கிடாக்கியை வாயருகே வைத்துக் கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட வாயெடுத்தபோது, குகைக்குள் பாறை சரியும் சத்தம் கேட்டது; தரையில் தொளதொளவென்று கிடந்த ஒயர் நகர ஆரம்பித்தது. அதன் வளைவுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, சரளையைக் கீறிக்கொண்டு உள்ளே போயின. ஒயர் விறைத்து, ஜெனரேட்டரைச் சக்கரத்தோடு ஒரு முழம் குகைப் பக்கம் இழுத்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.