பிரிட்ஜ் பிடித்த சுருதி

பிரிட்ஜ் மெக்கானிக் இப்போதெல்லாம் எங்கே கச்சேரி என்றாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். கல்யாணமான புதிதில் அவரைப் பார்த்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். சங்கீதம் என்றாலே அப்போது அவருக்கு அலர்ஜி. மனைவி காய் நறுக்கிக்கொண்டே பாடுவாள்.

"ஒரே வரியை எத்தனை தடவைதான் இழுப்பே? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார்.

அவள் சிரித்துவிட்டு இன்னும் நீளமாக இழுப்பாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. அவள் கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது.

அப்போது வீட்டிலிருந்த பழைய பிரிட்ஜ் நாள் முழுக்க முனகும். ஊர் பிரிட்ஜையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டிலேயே இந்தக் கூத்து என்றால் மானம் போகாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸருக்கு அடியில் புது ரப்பர் வைத்து, பின்தகட்டில் முட்டிய குழாயை விலக்கிவிட்டார். பிரிட்ஜ் கப்சிப்.

"நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி.

மறுநாளிலிருந்து பாட்டு குறைந்தது. ஆரம்பிப்பாள், தடுமாறுவாள், விட்டுவிடுவாள். ஒரு வாரத்தில் அதுவும் நின்றது. தொல்லை விட்டது என்று அவரால் இருக்க முடியவில்லை. வீடே வெறிச்சோடிப் போயிற்று. தன் கேலிதான் அவளைக் குத்திவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

"என் மேல கோவமா?"

"ஐயோ, இல்லைங்க. அம்மா வீட்டுல தம்புரா இருந்துச்சு. இங்க இந்த பிரிட்ஜ் சத்தத்தைத்தான் சுருதியா வெச்சுப் பாடினேன். இப்ப குரல் எங்கெங்கயோ போகுது."

"அடிப்பாவி, அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"அவ்வளவு ஆசையா ரிப்பேர் பண்ணீங்க. எப்படிங்க சொல்றது?"

தன் தொழிலில் முதல்முறையாக, நன்றாக ஓடும் ஒரு மெஷினைக் கெடுக்க உட்கார்ந்தார் மனுஷர். ரப்பரைக் கழற்றிக் குழாயை மறுபடி தகட்டில் முட்டவைத்தார்.

"இது கரகரங்குதுங்க."

"இப்போ?"

"தகரம் அதிருதுங்க. அந்த முனகல் மட்டும்தான் வரணும்."

சத்தம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று இருந்தவர் அவர். பிரிட்ஜுக்குப் பின்னால் தரையில் படுத்து, தகட்டில் காதை வைத்து, கரகரப்பு எது, அதிர்வு எது, முனகல் எது என்று பிரித்துக் கேட்டார். அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு பிடிபட்டது. அவள் மெல்ல 'ஸா' என்று சேர்ந்தாள். எது பிரிட்ஜ், எது பெண்டாட்டி என்றே அவருக்குத் தெரியவில்லை. பிறகு குரல் அங்கிருந்து கிளம்பி, ஒவ்வொரு தடவையும் வேறொரு வழியில் சுற்றிவிட்டு, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. படுத்தபடியே அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

பாட்டு சட்டென்று நின்றது. "சோறு அடிபிடிக்குதுங்க!"

சோறு கொஞ்சம் குழைந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிற ஆள் அவர்.

"பிடிச்சா பிடிக்கட்டும். நீ நிறுத்தாதே" என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து பாடினாள். கல்யாணமாகி ஏழு மாதத்தில், அவர் கேட்டு அவள் பாடியது அதுதான் முதல் தடவை.