தினமும் காலையில் காலமாகும் கிளாரி

1.

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் மல்லீ கிரீக் பவுல்ஸ் கிளப்பில், ஷ்னிட்சல் என்ற பொரித்த இறைச்சிக்குக் காத்திருந்தபோது என் காதில் விழுந்த கதை இது. முதல் வரியாக ‘கிளாரி ஹாப்ஸ் அன்றும் செத்துப்போயிருந்தார்’ என்று எழுதினேன். பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.

இப்படித் தொடங்குகிறேன். கிளப் வாசலில் ஒரு மெஷின். உறுப்பினர் அட்டையைச் செருகினால் கதவு திறக்கும். கோடை இடியில் கரண்ட் போய்ப்போய் வந்து, அதில் சேமித்ததெல்லாம் கெட்டுக்கொண்டே இருந்தது. கம்பெனியிலிருந்து டவிட்டா என்ற பெண் வந்து அதற்கு எழுத்துப்பூட்டு போட்டுவிட்டுப் போனாள். பூட்டியபின் எதை எழுதினாலும் தற்காலிகமாகத்தான் நிற்கும். அணைத்துப் போட்டால், பூட்டிய அன்று இருந்தபடியே மெஷின் எழுந்துகொள்ளும்.

பூட்டிய அன்று கிளாரி இறந்திருந்தார்.

(உண்மையில் இறந்தவர் அவருடைய சித்தப்பா மகன் கிளாரன்ஸ். கிளப் செயலாளர் நோரீன் மெஷினில் பெயர் மாற்றித் தட்டிவிட்டார்.)

2.

தனிமையில் வாடிக்கொண்டிருந்த நோரீன்

இல்லை, இந்த வாக்கியம் இங்கேயே கிடக்கட்டும். நோரீன் வாடுகிற ஆள் இல்லை. ஒரு காலத்தில் பவுல்ஸ் இறுதிப் போட்டி அணியிலிருந்து கிளாரியைத் தூக்கியவரே அவர்தான். அதன்பின் இருவரும் பல வருஷம் ஒரே பாரில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இப்போது தினமும் காலையில் மெஷின் சொன்னது: “இந்த உறுப்பினர் காலமானார். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.”

“ஏம்மா, நான் மறுபடியும் போய்ச் சேர்ந்துட்டேன்!”

“நேத்துதானே உசுரு குடுத்தேன். அதுக்குள்ள தொலைச்சுட்டியா?”

நோரீன் திருத்துவார். இரவு கிளப்பை மூடும்போது மெஷினை அணைப்பார்கள். காலையில் கிளாரி மறுபடி பிணம். பூட்டின் கடவுச்சொல் டவிட்டாவிடம் மட்டும். அவளோ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கிளாரியின் நாற்காலியில் யாரோ மலர்வளையம் வைத்தார்கள். கிளப்பின் இறைச்சிச் சீட்டுக் குலுக்கலில் அவருக்குப் பரிசு விழுந்தது; செத்தவருக்கு ஆட்டுக்கறி கொடுக்கலாமா என்று கமிட்டி கூடிப் பேசி, வாரிசு வந்தால் தரலாம் என்று முடிவெடுத்தது. கிளாரி தனக்குத் தானே வாரிசாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனார்.

வாசல் பேச்சு மெல்ல நீண்டது. ஒருநாள் கிளாரி கேட்டேவிட்டார்.

“அன்னைக்கு என்னை ஏன் டீம்லேர்ந்து தூக்கின?”

“உன் முட்டி. குனிஞ்சா உன்னால எந்திரிக்க முடியல. எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்றியா?”

கிளாரி முட்டியைத் தடவிக்கொண்டார். “வலிச்சுது, ஆமா.”

3.

டவிட்டா வந்தாள். பூட்டை எடுத்து, மெஷினை அணைத்துப் போட்டாள்.

“இப்ப எழுதினா நிக்கும், ஆன்ட்டி. திருத்துங்க, பூட்டிடறேன்.”

நோரீனின் விரல் திரைக்கு மேலேயே நின்றது.

“அடுத்த மாசம் செஞ்சுக்கலாமா?”

“இதுக்காகவே நாள் முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்!”

“தட்டு நோரீன்,” என்றார் கிளாரி. “செத்துச் செத்து அலுத்துப்போச்சு.”

தட்டினார். டவிட்டா பூட்டினாள். கிளாரி நிரந்தரமாக உயிரோடு இருந்தார். இருவர் முகத்திலும் களை இல்லை.

4.

முதலில் நான் எழுதிய முடிவில், நோரீன் தட்டவே இல்லை. இனிப்பு கூடிவிட்டது. இரண்டாவதில், கிளாரி அன்றைக்கே நிஜமாக இறந்துவிட, மெஷின் மட்டும் அவரை உயிரோடு வைத்திருந்தது. இதை பாரில் படித்துக் காட்டினேன். கிளாரியே என் ஷ்னிட்சல் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்: “யோவ், ஒரு மனுசனை எத்தனை தடவைய்யா கொல்லுவீங்க?”

ஆகவே, நடந்தது இது. மறுநாள் காலை கிளாரி வாசலுக்கு வந்தார். அட்டையை எடுத்தார், பார்த்தார், தலைகீழாகத் திருப்பிச் செருகினார்.

“அட்டை புரியவில்லை. அலுவலரை அழைக்கவும்.”

நோரீன் எழுந்து வந்தார். அட்டை தலைகீழாக இருப்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

“கிளாரி...” என்று ஆரம்பித்தார்.

அப்புறம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், அது அவர்கள் சமாச்சாரம். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பின்னால் ஆட்கள் உள்ளே வரக் காத்திருக்கிறார்கள்.