பாதி ஜெபமாலைக்குப் பதினெட்டு நிமிடம்

ஜெஸ்லினுக்குக் கணக்கு இடித்தது.

முழு ஜெபமாலை சொன்னால் பதினெட்டு நிமிடம் ஆகும். அவள் சொல்வது பாதிதான். அப்படியானால் ஒன்பது நிமிடத்தில் முடியவேண்டும். ஆனால் மாலை ஆறே முக்காலுக்கு வீட்டுக்காரி பத்மஜா தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் முதல் மணியைப் பிடித்தால், மொட்டைமாடித் தொட்டி நிறைந்து வழியும்போதுதான் கடைசி மணிக்கு வந்து சேர்ந்தாள். மொபைலில் மணி ஏழு மூன்று. மறுநாளும் ஏழு மூன்று. அதற்கு மறுநாள் ஏழு நான்கு.

கரமனை சந்திப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. எடுத்த ரத்தம் உறைய எத்தனை நிமிடம், மிஷினில் சுற்ற எத்தனை நிமிடம் என்று நாள் முழுக்க நேரம் பார்த்தே பழகியவள். எங்கிருந்தோ ஒன்பது நிமிடம் கூடிவந்தால் அதைச் சும்மா விட அவளால் முடியாது.

அந்தப் பாதி எது என்று சொல்லிவிட வேண்டும். ஜெபமாலையில் மணிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. வீட்டில் கூடிச் சொல்லும்போது அந்த ஜெபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்வார். அவர் நிறுத்துகிற இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடிப்பார்கள். ஜெஸ்லினுக்கு முதல் பாதி. அவள் புருஷன் பிரஜினுக்கு இரண்டாம் பாதி. கல்யாணமான ஏழு வருடமும், அவன் கரையில் இருந்த நாளெல்லாம், இதுதான் முறை.

பதினோரு மாதத்துக்கு முன் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகில் பிரஜினும் போனான். படகின் பலகை இரண்டு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அவனுக்கு அடக்கப் பூசை வைக்கலாம் என்று ஊரில் சொன்னபோது ஜெஸ்லின் சம்மதிக்கவில்லை. இரண்டாம் பாதியில் 'இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்' என்று ஒரு இடம் வரும். அதைத் தன் வாயால் சொன்னால், அவனுக்கு அந்த வேளை வந்துபோய்விட்டது என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் முதல் பாதியைச் சொல்வாள், அடுத்த மணிக்குப் போவாள். மீதி அவன் பொறுப்பு.

ஆனால் பாதியில் நிற்கிற ஜெபம் எங்கேயும் போய்ச் சேராது என்பதும் அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஐம்பது மணியும் உருண்டு முடிவதற்குள் நெஞ்சுக்குள் ஒரு வீட்டில் ஆள் வந்து அமர்ந்தாற்போல இருக்கும். யாருடைய வீடு, யார் வந்தது என்று கேட்கத் தோன்றாது. இப்போது உள்ளே ஆள் அரவமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணைக்கு வரிசை எழும்போது அவள் மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள். அந்த ஒரு வரியைச் சொன்னால்தான் ஜெபம் திரும்பக் கிடைக்கும். சொன்னால் பிரஜின் இல்லை.

நேரக் கணக்கைத் தீர்க்க, ஒருநாள் மொபைலில் ரெக்கார்ட் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள். பிறகு போட்டுக் கேட்டாள். மோட்டார் இரைச்சல். அதற்கு மேலே அவள் குரல், எட்டு விநாடி. பிறகு வெறும் இரைச்சல், எட்டு விநாடி. மறுபடி அவள் குரல்.

நடுவில் நிறுத்துகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு மணிக்கும் அதே இடைவெளி. பத்து மணிக்கு ஒருமுறை 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்ற ஜெபம் வருகிற இடத்தில் இடைவெளி நீண்டிருந்தது. அந்த ஜெபத்தின் இரண்டாம் பாதிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. யாரோ சொல்லி முடிக்கிறார்கள். அவள் காத்திருந்து, முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்குகிறாள்.

அதன்பின் வேறு சிலதும் கண்ணில் பட்டன. மாடியில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு வாஷ்பேசின் உண்டு, பிரஜின் சவரம் செய்கிற இடம். அவன் போன பிறகு அதைத் திறக்க மனம் வராமல், மேலே ஒரு பலகையை வைத்து, வெள்ளைத் துணி விரித்து, மாதா சொரூபத்தை வைத்திருந்தாள். அதுதான் பீடம். ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் அங்கே ஏற்றுகிற மெழுகுவர்த்தியின் சுடர் நேராக நிற்பதில்லை. யாரோ கீழேயிருந்து மெல்ல ஊதுவதுபோல் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. சில நாள் கர்ப்பூராதித் தைலம் மணத்தது. வலை இழுத்துவிட்டு வந்த தோளுக்குப் பிரஜின் தேய்க்கிற தைலம். வீட்டில் இருந்த குப்பி காலியாகிப் பல மாதம் ஆகிவிட்டது.

ஐப்பசி, அங்கே துலாம் மாதம். ஒருநாள் இடி ஒன்று ஆறரை மணிக்கு விழுந்தது. கரண்ட் போனது.

"ஜெஸ்லினே," என்று பத்மஜா முற்றத்திலிருந்து மலையாளத்தில் கூப்பிட்டாள். "மோட்டார் இன்னு இல்ல, கேட்டோ. வெள்ளம் நோக்கிச் செலவாக்கணும்."

"சரி சேச்சி, தண்ணி பாத்தே செலவழிக்கேன்."

மோட்டார் இல்லாமல் அவள் ஜெபமாலை சொன்னதே இல்லை. பாதி ஜெபம் அக்கம்பக்கத்தில் கேட்கக்கூடாது என்றுதான் அந்த இரைச்சலுக்குள் ஒளிந்து சொல்வாள். மெழுகுவர்த்தியை ஏற்றினாள். சுடர் சாய்ந்தது. பீடத்தருகே குனிந்து முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

பலகைக்கு அடியிலிருந்து ஒரு ஆண்குரல் தொடங்கியது.

குரல் கனத்து, ஈரமாக, வாய் நிறையத் தண்ணீர் இருப்பவன் பேசுவதுபோல் இருந்தது. ஆனால் தடுமாறவில்லை. ஒரே ஓட்டமாகச் சொல்லி ஆமென் வரை வந்து நின்றது. ஜெஸ்லினின் கையில் மணி வழுக்கியது.

"பிரஜின்?"

அவள் பலகையோடு காதை வைத்தாள்.

"பிரஜின், நீதானா? எங்க இருக்க?"

மூச்சுச் சத்தம் மட்டும். பதில் வருமென்று எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கடைசியில் வேறு வழி தோன்றாமல் மறுபடி முதல் பாதியைச் சொன்னாள். நிறுத்திய கணத்தில் குரல் பிடித்துக்கொண்டது. பெயருக்குத் திரும்பாதது ஜெபத்துக்குத் திரும்பியது.

இந்தத் தடவை அவள் சொல்லுக்குச் சொல் கவனித்தாள். 'மரண நேரத்திலும்' என்றது குரல். பழைய ஜெபம். 'இறப்பின் வேளையிலும்' என்றுதான் பிரஜின் சொல்வான். அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். இது வேறு யாரோ. அவள் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மழை நின்று, கரண்ட் வந்து, பத்மஜா டிவி போட்ட பிறகுதான் உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலையில் லேபில் ஒரு வேலை உண்டு. பின்னறையில் யாரும் பயன்படுத்தாத சிங்க் ஒன்று; அதில் வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிங்க்குக்கு அடியில் குழாயை வளைத்து வைத்திருப்பார்கள். அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கி நிற்கும். கீழேயுள்ள நாற்றம் மேலே வராமல் அந்தத் தண்ணீர்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊற்றாமல் விட்டால் வற்றிவிடும். வற்றினால் குழாய் திறந்த வாய். காற்று, நாற்றம், சத்தம் எல்லாம் வரும்.

ஜெஸ்லின் மக்கைச் சாய்த்தவள் பாதியில் நின்றாள்.

பேசினை மூடிப் பதினோரு மாதம். வளைவு எப்போதோ வற்றியிருக்கும். சுடர் சாய்ந்ததும், தைலம் மணத்ததும் அதனால்தான். ஆனால் குரல்? அந்தக் குழாய் நேரே இறங்குவது கீழ்வீட்டுக்கு. அங்கே இருப்பவர் வன்னியராஜ், கிழக்கேகோட்டையில் முப்பது வருடம் டீ மாஸ்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை. வலது கை விளங்காது. பேச்சு அறவே போய்விட்டது. அவர் மனைவி செண்பகவல்லி பழவங்காடியில் பூக்கடை வேலைக்குப் போய்விட்டு எட்டு மணிக்குத்தான் வருவாள். ஆறே முக்காலுக்கு அந்த வீட்டில் இருப்பது பேச முடியாத ஒரு ஆள் மட்டும்.

அன்று மாலை பலகையைத் தூக்கி, பேசினில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினாள். சுடர் நிமிர்ந்து நின்றது. ஜெபமாலை ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. கணக்கு சரி. நிம்மதி வருமென்று பார்த்தாள், வரவில்லை. மோட்டார் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் செண்பகவல்லி படியில் எதிர்ப்பட்டாள். வேலைக்குப் போகவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"என்னக்கா, லீவா?"

"என்னத்த சொல்ல தாயி. மூணு நாளா அவுகளுக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. சாயங்காலம் ஆனா எடது கையால கட்டில்ல டம்ளர வச்சு அடிக்காகளாம், பத்மஜாம்மா சத்தம் போட்டாங்க. நேத்து நானே இருந்து பாத்தேன். ஆறே முக்காலுக்கு அந்த வாஸ்பேசனையே பாத்துக்கிட்டு கண்ணீரா வடிக்காக. பயமா இருக்கு."

ஜெஸ்லின் ஒரு படி இறங்கி அருகே வந்தாள்.

"எக்கா, அண்ணாச்சிக்கு வேதக்காரங்க செபம் ஏதும் தெரியுமா?"

"அவுகளுக்கா? பிள்ளையாருக்கே ஒரு கும்பிடு போட்டதில்ல." செண்பகவல்லி யோசித்தாள். "சின்னதுல அஞ்சு வருசம் ஃபாதர் ஹாஸ்டல்ல கெடந்து படிச்சாக. செபம் சொன்னாத்தான் சோறும்பாங்களாம். சொல்லிச் சிரிப்பாக. எதுக்குக் கேக்க?"

கீழ்வீட்டில் தைலம் மணத்தது. வன்னியராஜின் தலைமாட்டுக்கு ஒரு முழம் தள்ளி, அவர் எழுந்து போகமுடியாததால் எட்டு மாதம் உலர்ந்து கிடந்த பேசின். அவர் கண்கள் அதன் ஓட்டையிலேயே இருந்தன. ஜெஸ்லின் கட்டிலின் அருகே முட்டுக்கால் போட்டு, முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

அவர் கண்களைத் திருப்பவில்லை. கோணிய வாய் திறந்தது. பலகைக்கு அடியில் கேட்ட அதே ஈரக்குரல், ஒரு சொல் பிசகாமல், ஆமென் வரை வந்தது.

செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. மாதாகிட்ட மட்டும் பேச்சா?"

அவர் உதட்டின் நல்ல பக்கம் சிரித்தது.

ஜெஸ்லினுக்கு லேபுக்கு வந்த ஒருவர் ஞாபகம் வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு தன் பெயரைச் சொல்ல வராது. ஊசி போடும்போது அவள் "ஒண்ணு, ரெண்டு" என்றால், "மூணு, நாலு" என்று பத்துவரை போய்விடுவார். புதிதாகக் கோத்துப் பேசுகிற பேச்சுக்கு மூளையில் ஒரு இடம். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்களுக்கு வேறு இடம். முதலாவது இடிந்தாலும் இரண்டாவது நிற்கலாம். அங்கே இருப்பவர் தானாக வெளியே வரமாட்டார். யாராவது பாதிவரை வந்து கூப்பிட வேண்டும்.

ஐம்பது வருடம் யாரும் தண்ணீர் ஊற்றாமல், அவருக்கே தெரியாமல், அது அவருக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. இத்தனை மாதமாக வறண்ட குழாய் வழியாக அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்த ஆளைத்தான். மோட்டார் இரைச்சலில் அவள் மனதுக்குக் கேட்காதது காதுக்குக் கேட்டிருக்கிறது, அது காத்திருந்திருக்கிறது.

"எனக்கு எழுதிக் குடு," என்றாள் செண்பகவல்லி. "நீ சொல்ற பாதிய. நான் சொல்லுதேன். அவுக சத்தத்த நான் கேக்கணும்."

"நீங்களாக்கா?"

"பழவங்காடி பிள்ளையாரு கோவிச்சுக்கிட மாட்டாரு. எழுது."

தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஜெஸ்லின் எழுதிக்கொடுத்தாள். செண்பகவல்லி எழுத்துக்கூட்டி, ஏலம் போடுகிறவள் மாதிரி உரக்க வாசித்தாள். வன்னியராஜ் பிடித்துக்கொண்டார்.

முதல் பாதியை வேறொருத்தி எடுத்துக்கொண்டதும் ஜெஸ்லினுக்கு வேலை இல்லாமல் போனது. மீதி இருந்தது அவளால் சொல்லமுடியாத பாதிதான். முதல் மணிக்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள். இரண்டாவதுக்கும். மூன்றாவதில் அவர் குரல் 'இப்பொழுதும்' என்று வந்தபோது, தன் வாய் அவரோடு அசைவதை உணர்ந்தாள். நிறுத்துவதற்குள் 'மரண நேரத்திலும்' கடந்துபோயிருந்தது. பிரஜினின் சொல் அல்ல. அவனுக்கு முந்தியவர்களின் சொல். அவள் கண்ணை மூடினாள். பிரஜின் இல்லை. அது தெரிந்தது. உள்ளே, அத்தனை நாள் ஆள் அரவமற்றுக் கிடந்த இடத்தில், யாரோ வந்து அமர்ந்தார்கள். அவள் ஆமென் என்றாள்.

அன்றிரவே ஊருக்குப் போன் செய்து, ஓராண்டுப் பூசைக்குப் பிரஜின் பெயரைக் கொடுக்கச் சொன்னாள்.

செண்பகவல்லி பூக்கடையில் காலை வேலைக்கு மாறிக்கொண்டாள். பகலில் அவள் பாதி பாதியாகப் பேச்சுக் கொடுக்கிறாள். "ஸ்ட்ராங்கா ஒரு..." என்று நிறுத்தினால், "டீ" என்கிறார். மேலே ஜெஸ்லின் பலகையை எடுத்துவிட்டு மாதாவை அலமாரிக்கு மாற்றினாள். பேசினில் திங்கட்கிழமைதோறும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறாள். ஆறே முக்காலுக்குக் கீழே இறங்கிப் போகிறாள். முதல் பாதியைச் செண்பகவல்லி சொல்கிறாள். இரண்டாம் பாதியை வன்னியராஜும் ஜெஸ்லினும் சேர்ந்து சொல்கிறார்கள். பதினெட்டு நிமிடம் ஆகிறது.