மூன்றாவது நீலக் கொடி

அந்த மூன்று நாளும் ரேஸ் மைதானத்தில் இருந்தவர்கள்: நான், தெய்வசிகாமணி, வயது எழுபத்தொன்று. என் மனைவி ருக்குமணி. அவள் தம்பி கிட்டுசாமி. மெக்கானிக் கபூர். மைதான அலுவலர் திலகவதி. அச்சகம் வைத்திருக்கும் ரங்கநாயகன். கடைசியாக என் தம்பி நாச்சிமுத்து. வயதுப்படி அவன் இரண்டாவதாக வர வேண்டும். பேசாதவர்களைக் கடைசியில் எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம்.

கார் ஓட்டிய மற்ற ஒன்பது பேரும் இருந்தார்கள். அவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

எங்கள் ஊரில் எழுபது தாண்டிய வீட்டு மூத்தவர் ஒருமுறை ரேஸ் ஓட்ட வேண்டும். ஓட்டி முடிக்கும் வரை வீட்டுப் பெயர் மைதான அலுவலகத்தில் இருக்கும். எங்கள் பெயரைப் பங்குனியில் வந்து எடுத்துப் போனார்கள். ரசீது கொடுத்தார்கள். பெயரைக் காக்கிக் கவரில் போட்டு ஒட்டி, இரும்பு பீரோவில் வைத்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை. தபால்காரர் வாசலில் நின்று வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தபாலைத் திருப்பிக் கொண்டு போனார்.

வைகாசியில் மகன் வழிப் பேத்தி மேகலாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் வீட்டுப் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. ரங்கநாயகன் அதன் அச்சுப் புரூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் என் பின்னால் நடந்தார்.

"திங்கக்கெழம மிஷின்ல ஏத்தோணுமுங்க" என்றார். "பேரு இல்லாம அடிச்சா, யாரு வூட்டுப் பொண்ணுன்னு மாப்பிள்ள வூட்டுல கேப்பாங்க."

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாங்கித் தர்றேன்."

"வாங்க முடியலீன்னா?"

அந்த மாதிரிக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை படிவம் நிரப்பினேன். ஆறாவது கேள்வி: இதற்கு முன் யாராவது உங்களை முந்தியிருக்கிறார்களா? இல்லை என்று எழுதினேன்.

திலகவதி படித்துப் பார்த்தாள். "பஸ்ஸு, லாரி?"

"இல்ல."

"நடந்து போறப்பவாவது?"

"நிப்பாங்க."

அவள் அதற்குக் கீழே முத்திரை குத்தினாள். பிறகு இன்னொரு கோப்பை எடுத்தாள்.

"ரேஸுக்கு வரச் சொல்லி உங்க ஒரு வீட்டுப் பேருக்கு ரெண்டு லெட்டர் போயிருக்குதுங்க. ரெண்டாவது லெட்டர் நாச்சிமுத்துங்கறவருக்கு."

"அவன் என் தம்பி. அறுபத்தாறுதான் ஆகுது."

"எங்க ஃபைல்ல ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்குதுங்க. அதுல அவரு பேரு மேல இருக்குது, உங்க பேரு கீழ இருக்குது. யாரு மூத்தவருன்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

அந்தப் பத்திரிகை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் முன்னால் என் மகள் கல்யாணத்துக்கு அடித்தது. ரங்கநாயகன்தான் அடித்தார். பிழை அவருடையது. நாச்சிமுத்து அதைத் திருத்தச் சொல்லவில்லை. அன்று முதல் அவனிடம் நான் பேசவில்லை.

"ரெண்டு லெட்டருன்னா ரெண்டு காருங்க" என்றாள் திலகவதி. "ரெண்டும் முடிக்கோணும். ஒண்ணு நின்னாலும் கவரு பீரோவுலயே இருக்கும்."

பிறகு எடை போட்டார்கள். எடை மேடை மாடியில் இருந்தது. கபூர் என் காரைத் தோளில் வைத்துப் படியேறி வந்தார். கார் நாற்பது கிலோ. மேலே மூடி கிடையாது. ஒருவர் உட்காரலாம்.

"ரொம்ப லேசான வண்டிங்கய்யா" என்றார் கபூர். "பக்கத்துல நின்னு தும்மீராதீங்க."

கார் மட்டும் நாற்பது கிலோ காட்டியது. நான் ஏறி உட்கார்ந்தேன். அப்போதும் நாற்பது காட்டியது.

"உங்க எடை வரலீங்க" என்றாள் திலகவதி.

"மிஷின் கெட்டிருக்கும்."

"மிஷின் நல்லாத்தான் இருக்குது. பேரு பீரோவுல இருக்கறவங்களுக்கு வராதுங்க."

சீட்டுக்கு அடியில் அறுபத்தெட்டுக் கிலோ ஈயக் கட்டிகளை வைத்துத் திருகினார்கள். பிறகு காரின் பின்பக்கம் மஞ்சள் அட்டை ஒன்றை ஒட்டினார்கள். அதில் கறுப்பில் பெருக்கல் குறி இருந்தது. ஓட்டுபவர் புதியவர் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்காக.

"அத எடுங்க" என்றேன். "எங்க வீட்டுல யாரும் எதுக்கும் புதுசா இருந்ததில்ல."

"எல்லாரும் ஒரு தடவ புதுசுதானுங்களே."

"நாங்க இல்ல."

அட்டையை எடுக்கவில்லை. ருக்குமணி சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "நம்ம காருக்கு மஞ்சள் எடுப்பாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

சனிக்கிழமை ஒத்திகை. உடை மாற்றும் அறையிலிருந்து ஓடுதளத்துக்கு இருபதடி வராந்தா. ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினேன். எட்டரைக்கும் நடந்து கொண்டிருந்தேன். இரு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஹெல்மெட் போட்ட ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். ஒவ்வொருவரும் "மொதத் தடவைங்களா?" என்று கேட்டார்கள். நான் நேராகப் பார்த்தபடி நடந்தேன்.

ஒன்பது மணிக்கு எதிரே நாச்சிமுத்து வந்தான். வராந்தாவில் ஒருவர்தான் போகலாம். நான் நின்றேன். அவனும் நின்றான். அவன் ஷூவை நான் பார்த்தேன். என் ஷூவை அவன் பார்த்தான். அரை மணி நேரம் கழித்து வராந்தா கொஞ்சம் அகலமானது. இருவரும் நடந்தோம்.

ஒத்திகையில் ருக்குமணி நேரம் எடுத்தாள்.

"ஆறு நிமிசம், பத்து செகண்டு" என்றாள்.

"மத்தவங்க?"

"நாலர நிமிசமுங்க."

"கடியாரத்தச் சரியாப் பாரு."

"சரியாத்தான் பாத்தேன். நீங்க ஒரு சுத்து வர்றதுக்குள்ள நாலு மொழம் பூக் கட்டிப்போட்டேன்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிட்டுசாமி மூன்றாவது வளைவில் டயர் அடுக்காக மாறினார். மொத்தம் பதினாறு டயர். காலையிலிருந்தே கால் மரத்துப் போகிறது என்று சொல்லிக் கொண்டிருந்தார். ருக்குமணியிடம் தகவல் சொன்னேன்.

"சாப்ட்டுட்டானுங்களா?"

"ரெண்டு தடவ ரசம் வாங்குனான்."

"அப்பச் சரி" என்றாள். பூவை ஈரத்துணியில் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு கார்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். என் கார் பதினோராவது. நாச்சிமுத்துவின் கார் முதலாவது.

"மூத்தவங்கள முன்னால நிறுத்தறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"வேகத்துப்படிதானுங்க" என்றாள் திலகவதி.

"இது எந்த ஊரு வழக்கம்?"

"ரேஸ் வழக்கமுங்க. இன்னொண்ணு. பின்னால வேகமான வண்டி வந்தா நாங்க நீலக் கொடி காட்டுவோம். நீங்க போகச் சொல்லிக் கையக் காட்டோணும். மூணாவது கொடிக்கும் காட்டலீன்னா உங்க ரெண்டு காரும் வெளிய."

"ரெண்டுமா?"

"பேரு ஒண்ணுதானுங்களே."

ரங்கநாயகன் புரூப்பை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ரேஸ் தொடங்கியது. மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் என் வேகத்தில் போனேன். மொத்தம் பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு வளைவிலும் திலகவதி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வளைவு, எட்டு மேசை. தென்னை மரங்கள் வரிசையாகப் பின்னால் போயின. எனக்கு எதுவும் தோன்றவில்லை. கை கால் யாருடையதோ போல வேலை செய்தன.

மூன்றாவது சுற்றில் கண்ணாடியில் ஒரு கார் தெரிந்தது. நாச்சிமுத்துவுடையது. அவன்தான் எல்லாருக்கும் முன்னால் போய், சுற்றி வந்து, முதலில் என்னை எட்டியிருந்தான்.

திலகவதி எழுந்து நீலக் கொடியைக் காட்டினாள். நான் கையைக் காட்டவில்லை.

நான்காவது சுற்றிலும் அவன் பின்னாலேயே வந்தான். மற்ற ஒன்பது பேரும் வந்தார்கள். எங்கள் இருவரையும் முந்திப் போனார்கள். முகம் தெரியாதவர்கள் முந்துவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. நாச்சிமுத்து முந்தவில்லை.

இரண்டாவது கொடி வந்தது. திலகவதி பேனாவால் ஏதோ எழுதினாள். "ரெண்டாச்சுங்க!" என்று கத்தினாள்.

மூன்றாவது வளைவில் கிட்டுசாமி டயர் அடுக்கிலிருந்து கூப்பிட்டார். அவர் பேசும்போது என்ஜின் சத்தம் நின்றது. கார் நிற்கவில்லை.

"மாமா, மாட்டு வண்டியோட்டறவன் கூட உங்களப் பாத்தாச் சிரிப்பானுங்க."

"உன்ற வேலையப் பாரு."

"என்ற வேல இங்க நிக்கறதுதானுங்க. அவன ஏனுங்க மறிக்கறீங்க?"

"நான் மறிக்கல. வழி முப்பதடி இருக்குது. அவன் போகட்டும்."

"போகமாட்டானுங்க. நீங்க சொல்லாம உங்களத் தாண்டமாட்டான். பத்தொன்பது வருசமாப் பாக்கறேன். கல்யாணத்துல நீங்க எந்திரிச்சதுக்கப்பறந்தான் பந்தியில வந்து உக்காருவான்."

"பத்திரிகைய ஏன் திருத்தச் சொல்லல?"

"அத அவங்கிட்டயே கேட்டிருக்கலாமில்லீங்க?"

வளைவு முடிந்தது. என்ஜின் சத்தம் திரும்ப வந்தது.

கண்ணாடியைப் பார்த்தேன். வழி முப்பதடி அகலம். மூன்று கார் சேர்ந்து போகலாம். அவன் என் காருக்கு நேர் பின்னால், மஞ்சள் அட்டைக்கு ஒரு கை தூரத்தில், நடை வேகத்துக்குக் குறைத்து வந்து கொண்டிருந்தான். பக்கத்தில் ஒதுங்கிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாவது சுற்றில் மூன்றாவது கொடி எழுந்தது. மிக மெதுவாக எழுந்தது. நான் கடைசி வளைவைத் தாண்டும்போது திலகவதியின் முழங்கால் வரை வந்திருந்தது. நேர்ப்பாதையில் பாதி வந்தபோது இடுப்பு வரை. மேசைக்குப் பக்கத்தில் ரங்கநாயகன் புரூப்பை விரித்துப் பிடித்திருந்தார். காலி இடம் தூரத்திலிருந்தே தெரிந்தது. அதன் கீழே மேகலாவின் பெயர் எந்த வீட்டையும் சேராமல் தனியாக நின்றது.

கொடி தோளுக்கு வந்தது.

கையை வெளியே நீட்டினேன். போ என்று காட்டினேன்.

அவன் உடனே போகவில்லை. நான் மறுபடியும் காட்டினேன். அப்போது வந்தான். பக்கத்தில் வந்தபோது ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கார் தானாக நேராகப் போனது. பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்து, என்னைத் தாண்டிப் போனான்.

திலகவதி கொடியை இறக்கிச் சுருட்டினாள்.

நீட்டிய கை உள்ளே வரவில்லை. மீதிச் சுற்றுகளை ஒரு கையால் ஓட்டினேன். அந்த ஏழு சுற்றுக்குள் மற்றவர்கள் முடித்து, குளித்து, தலை துவட்டிவிட்டார்கள். கட்டம் போட்ட கொடியை எனக்காகத் திரும்ப எடுத்து வந்தார்கள். நான் பதினோராவது. கார்கள் பதினொன்று. கபூர் வந்து கையை முழங்கையில் மெதுவாக மடித்து உள்ளே வைத்தார்.

"எண்ணெ போட்டா சரியாயிருமுங்கய்யா" என்றார்.

திலகவதி பீரோவைத் திறந்து கவரைக் கொடுத்தாள். இரண்டு கையொப்பம் வேண்டும் என்றாள். நாச்சிமுத்து ஏற்கெனவே போட்டிருந்தான். மேல் கோட்டைக் காலியாக விட்டு, கீழ்க் கோட்டில் போட்டிருந்தான். நான் மேலே போட்டேன். கவரைப் பிரித்தேன். புளியந்தோட்டத்தார். ஒரு எழுத்தும் குறையவில்லை.

ரங்கநாயகனிடம் கொடுத்தேன். அவர் முடிவுப் பட்டியலையும் கேட்டு வாங்கிக் கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகைகள் வந்தன. வீட்டுப் பெயர் இருந்தது. அழைப்பவர்கள் என்ற இடத்தில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஒன்பது பேர் யாரென்று எனக்குத் தெரியாது. பத்தாவது நாச்சிமுத்து. என் பின்னால் நின்றதில் அவன் பத்தாவதாகிவிட்டான். பதினோராவது நான்.

"பட்டியல்ல வரிசையா இருந்துச்சுங்க, அப்படியே கோத்துட்டேன்" என்றார் ரங்கநாயகன். அவருக்கு வியர்த்தது. "மறுபடி உங்க பேரு கீழ போயிருச்சு. திருத்தி அடிச்சுத் தந்தர்றனுங்க."

ருக்குமணி என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையை இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

"வேண்டாம்" என்றேன்.

கல்யாணத்துக்கு அந்த ஒன்பது பேரும் வந்தார்கள். பத்திரிகையில் இருந்த வரிசையில் வாசலில் நின்று விருந்தினர்களைக் கும்பிட்டார்கள். ஹெல்மெட்டுக்கு மேல் சந்தனம் வைத்தோம். பத்தாவதாக நாச்சிமுத்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

"சாப்ட்டீங்களாண்ணா?" என்றான்.

"நீ போயி மொதல்ல சாப்புடு" என்றேன்.

அவன் போனான்.

ரேஸில் தம்பியைப் போகச் சொல்லி நான் இடது கையைக் காட்டினேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. வலது கை.