தாய்க்கல்லும் பிள்ளைக்கல்லும்

ரயிலடி சலூனில் முகம் மழித்துக்கொண்டவர்களுக்கு அரை வருஷம் தாடி முளைப்பதில்லை. இதில் மந்திரம் எதுவும் கிடையாது. கத்தியின் கூர்மை அப்படி. தான் வெட்டுப்பட்ட விஷயம் முடிக்கே தெரியாது. முழு நீளத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அது பாட்டுக்குச் சும்மா இருந்துவிடும். அரை வருஷம் கழித்து எப்படியோ சேதி எட்டி, பதறிப்போய், விட்ட வளர்ச்சியையெல்லாம் ஒரே மணி நேரத்தில் வளர்ந்து தீர்க்கும். வங்கி மேலாளர் ஒருவர் இங்கே மழித்துக்கொண்டு, இரண்டு ஊர் மாற்றலாகிப் போய், மூன்றாவது ஊரில் அதிகாரிகள் கூட்டத்துக்கு நடுவே அவருக்குச் சேதி வந்து சேர்ந்தது. கூட்டம் முடிவதற்குள் தாடி மேஜையைத் தொட்டது. வாயிற்காவலர் அவரை யாரோ பரதேசி என்று கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

இந்தக் கீர்த்திக்குக் காரணம் கத்தியும் இல்லை, கையும் இல்லை, ஒரு சாணைக்கல். தேன் நிறம், உள்ளங்கை அகலம், தொட்டால் பூனையின் மூக்குபோல் எப்போதும் ஒரு ஜில்லிப்பு. வெகுதொலைவில் ஒரு மலையில், இரண்டு கருங்கல் அடுக்குகளுக்கு நடுவே, விரல் கனத்துக்கு மட்டும் ஓடிய நரம்பில் வெட்டியெடுத்தது. வெட்டுகிறவர்கள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டே வேலை செய்து, வீட்டுக்குப் போனாலும் படுத்தபடியேதான் சாப்பிடுவார்களாம். ஒருநாள் ஊற்று உடைந்து சுரங்கம் நிரம்பிவிட்டது. இப்போது அங்கே மீன் பிடிக்கிறார்கள். சுவரில் உரசி உரசி அந்த மீன்களுக்குச் செதிலே கிடையாது. புதிதாக ஒரு கல் எடுக்க வழியில்லை. இருக்கிற கல்லோ தேய்ந்துகொண்டே வருகிறது. ஆகவே ஒரு காலத்தில் சோப்புக்கட்டியோடு இனாமாகத் தந்த கல், இன்று ஒரு வீட்டின் விலைக்குப் போகிறது. கிணற்றோடு கூடிய வீடு.

கல் தனியாக வராது. அதே கட்டியில் அறுத்த சின்னத் துண்டு ஒன்றும் கூடவே வரும். பெரியது தாய்க்கல், சின்னது பிள்ளைக்கல். தண்ணீர் தெளித்து, தாயின் மேல் பிள்ளையை வைத்துத் தேய்த்தால் வெள்ளையாகப் பால் சுரக்கும். அந்தப் பாலில்தான் கத்தியைத் தீட்ட வேண்டும். வேறு எந்தக் கல்லை வைத்துத் தேய்த்தாலும் சொட்டுப் பால் வராது. மாற்றான் பிள்ளையை அது ஏறெடுத்தும் பார்க்காது.

சலூன் அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். தம்பி தீட்டுவார், அண்ணன் மழிப்பார். ஊரே புகழ்ந்தது, கடையில் ஈ ஆடியது. பின்னே, அரை வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வாடிக்கையை வைத்துக்கொண்டு யார் பிழைப்பது? மற்ற சலூன்காரர்கள் நிலைமை அதைவிட மோசம். அவர்கள் சங்கமாகக் கூடி, கல்லுக்கு ஒரு பெரிய விலை பேசினார்கள், வாங்கிக் கிணற்றில் போடுவதற்கு. விலை முதலில் ஏறியது அப்படித்தான்.

"ஊர்ல எல்லார் மூஞ்சியும் பளபளன்னு இருக்கு. நம்ம அடுப்பு மட்டும்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு" என்றாள் அண்ணனின் மனைவி. தம்பிக்கு மீசை அரும்பாத வயதிலிருந்து சோறு போட்ட அண்ணி. அவள் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் கிடையாது. ஆகவே கல் தரகர் வந்து விலை சொன்னபோது அண்ணன் தலையை ஆட்டினார். தம்பி பிள்ளைக்கல்லை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளை இல்லாத தாயைத் தரகர் என்ன செய்வார்? குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சண்டை மட்டும் போகவில்லை.

"வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. இன்னையோட உனக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது" என்றார் அண்ணன்.

"நானும் அதைத்தான் சொல்றேன். எடு கத்தியை" என்றார் தம்பி.

அங்கேதான் தப்பு நடந்தது. கோபத்தில் கண் மண் தெரியாது என்பார்கள். கத்தி எந்தக் கல்லில் தீட்டியது என்பதும் தெரியாது. வாடிக்கையாளருக்குப் போர்த்தும் வெள்ளைத்துணி, கத்தியை இழைக்கும் தோல்வார், பெயர்ப்பலகை, எல்லாவற்றையும் அதே கத்தியால் சரிபாதியாக வகிர்ந்தார்கள். நிலைக்கண்ணாடிகூடத் தர்பூசணி மாதிரி சத்தமில்லாமல் பிளந்து கொடுத்தது. தாய்க்கல் அண்ணனுக்கு, பிள்ளைக்கல் தம்பிக்கு. கடைக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்பு எழும்பியது.

மறுநாள் காலையில் அண்ணன் தன் பாதித் துணியை உதறினார். தடுப்புக்கு அந்தப் பக்கம், தம்பியின் துணிக்குள் உட்கார்ந்திருந்த தபால்காரர் நாற்காலியைவிட்டு ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார். துணிக்கு வெட்டுப்பட்டது தெரியவில்லை. அது இன்னும் ஒன்றாகத்தான் இருந்தது. அண்ணனின் கண்ணாடியில் வாடிக்கையாளரின் காதுக்குப் பக்கத்தில் தம்பியின் மூக்கு தெரிந்தது. போகப் போக விஷயம் ஆட்களுக்கும் பரவிற்று. அண்ணன் சாப்பிட்டால் தம்பிக்கு ஏப்பம் வந்தது. தம்பிக்குத் தும்மல் வந்தால் அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல், வெகு ஒற்றுமையாக இருந்தார்கள்.

"துணிக்கே தெரியலையாம், பிரிஞ்சது. உங்களுக்கு மட்டும் என்ன பெருசா தெரிஞ்சுபோச்சு?" என்று அண்ணி இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி சொன்னாள். இரண்டு பக்கமும் கேட்காத மாதிரி இருந்தன.

ஆனால் அரை வருஷம் என்பது ஒரு கணக்குத்தானே. அது நெருங்க நெருங்க, கண்ணாடியில் தம்பியின் மூக்கு மங்க ஆரம்பித்தது. துணியின் ஓரத்தில் ஒவ்வொரு நூலாகத் தலையைத் தூக்கி, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காதுகொடுத்துக் கேட்பதுபோல் நின்றது. ஒருநாள் அண்ணன் மூன்று தடவை தும்மினார். அந்தப் பக்கம் அசைவே இல்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாதி மழித்த ஆளைப் பாதியிலேயே விட்டுவிட்டு, தடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சேதி வந்துகொண்டிருந்தது. அது வந்து சேர்ந்துவிட்டால் துணி இரண்டாகப் பிரியும், அண்ணன் தம்பி நிஜமாகவே யாரோ எவரோ ஆகிவிடுவார்கள். அதற்கப்புறம் எந்தப் பசையும் ஒட்டாது.

அண்ணி முதலில் தைத்துப் பார்த்தாள். அதைவிடப் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஊசிக்கு வாய் சும்மா இருக்குமா? குத்திய இடத்திலெல்லாம், வெட்டுப்பட்ட விஷயத்தைத் துணியிடம் போட்டுக்கொடுத்துவிட்டது. அங்கங்கே துணி அப்போதே நைந்து போயிற்று. ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் துணியை மடியில் போட்டுக்கொண்டு அவள் யோசித்தாள். பிறகு எழுந்துபோய்த் தடுப்புப் பலகையைத் தட்டினாள்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கல்லை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க."

"எதுக்கு அண்ணி? விக்கவா?"

"உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு விடத்தான். போன தடவை சரியா வெட்டலை. இன்னொரு தடவை வெட்டணும். கத்தி மொட்டையாயிருச்சு, வந்து தீட்டுங்க."

பிரிப்பது என்றால் மறுக்க முடியுமா? மானப் பிரச்சினை. தம்பி வந்தார். அண்ணன் தாய்க்கல்லை முழங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டார். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, தம்பி பிள்ளையைத் தாயின் மேல் வைத்ததுதான் தாமதம். தேய்ப்பதற்கு முன்பே பால் பொங்கி, அண்ணனின் மடி நனைந்து, தரையில் வழிந்து, வாசல் படி தாண்டி ஓடியது. தெருநாய் ஒன்று நக்கிப் பார்த்துவிட்டு, பற்கள் அவ்வளவு கூராகிப்போனதில் திகைத்து, அன்றிலிருந்து யாரையும் கடிப்பதில்லை.

"தண்ணியை ஏண்டா இவ்வளவு ஊத்துறே?" என்றார் அண்ணன்.

"நான் இன்னும் தண்ணியே ஊத்தலை" என்றார் தம்பி.

அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். "சரி, அழுத்தாம தீட்டு."

"அழுத்துற கை யார் கைன்னு ஊருக்கே தெரியும்."

"வாயை மூடிக்கிட்டுத் தீட்டுடா."

தீட்டிய கத்தியால் அண்ணி துணியின் இரண்டு ஓரங்களிலும் ஒரு நூல் அகலம் சீவி எடுத்தாள். தோல்வார், பெயர்ப்பலகை, கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். பாதி வழிக்கு மேல் வந்துவிட்ட பழைய சேதி, தான் தேடி வந்த ஓரமே அங்கே இல்லாததால், விலாசம் தவறிய தந்திபோல் திரும்பிப் போய்விட்டது. புது வெட்டின் சேதி கிளம்பி வர இன்னும் அரை வருஷம் இருக்கிறது. தம்பி தன் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டார். அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாதி முகத்தோடு காத்திருந்த ஆளை மழிக்கப் போனார்.

அதிலிருந்து அரை வருஷத்துக்கு ஒருமுறை பாகப்பிரிவினை நடக்கிறது. வசவுகள் முதற்கொண்டு எதுவும் குறையக்கூடாது என்பது அண்ணியின் கண்டிப்பு. "உனக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னால் மறுபடியும் சொல்ல வைப்பாள். விஷயம் ஊருக்குள் கசிந்து, முறைத்துக்கொண்ட பங்காளிகள், முகம் பார்க்காத சம்பந்திகள், கூட்டுத்தொழில் முறிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து புழங்கிய போர்வையையும் பாயையும் வெட்டிக்கொள்ளத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். அண்ணியின் அடுப்பு மூஞ்சியை இறக்கிக்கொண்டது. பழைய சாணைக்கல்லுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் சுரங்கம் மூழ்கிய கதையைத்தான் தரகர்கள் சொல்வார்கள். வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தரகரும் ஒவ்வொரு பிரிவினைக்கும் வந்து விலையை ஏற்றிச் சொல்லிவிட்டுப் போவார். கடைசியாக வந்தபோது அவர் விலையே சொல்லவில்லை. பேச்சு அறுந்துபோன தன் மைத்துனரைக் கூட அழைத்து வந்திருந்தார். இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு, நடுவில் அந்தப் பழைய குடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள்.

சலூன் துணி சீவிச் சீவி இப்போது கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே துண்டு கொண்டுவந்துவிடுகிறார்கள். என்றாவது கடை மூடியிருந்து, உள்ளே கூச்சல் கேட்டு, அண்ணன் தம்பி எங்கே என்று யாராவது புது ஆள் விசாரித்தால், பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்கிறார்: "பிரிஞ்சுக்கிட்டு இருக்காங்க. சாயங்காலம் வாங்க."